கரிக்கோடு

பெரியதம்பிக்குத் தச்சுவேலை தெரியாது. தெரியாத வேலையை ஆசை ஆசையாகச் செய்கிற ஆளைக் கட்டிக்கொண்டவள் பாடு எப்படி இருக்கும் என்பதை வெள்ளையம்மாளிடம்தான் கேட்க வேண்டும். அறுபத்திரண்டாம் வருஷத்துக் கார்த்திகையில் அவளுடைய வலது கால் நீட்டினது நீட்டினபடி நின்றுபோனது முதல், அவர் உளியும் சுத்தியலுமாகவே திரிந்தார். குனியாமல் சமைக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்ணடுப்பு போட்டார். உட்கார்ந்து எழ ஒரு உயர முக்காலி அடித்தார். மூன்று கால் உள்ளது எதுவும் ஆடாது என்பார்கள், அவர் அடித்தது ஆடியது. கடைசியாக வைக்கோல் போருக்குப் பின்னால் கீற்றுத்தட்டி கட்டி மறைத்து, நடுவில் ஓட்டை போட்ட இன்னொரு முக்காலியைக் கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்த்த அன்று வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு நகையும் வாணாம், நட்டும் வாணாம். மனுசியாட்டம் காட்டுப்பக்கம் போய்க் குந்திட்டு வரணும். அது போதும்யா எனக்கு" என்றாள்.

"குந்தலாம், குந்தலாம். இது சும்மா கொஞ்ச நாளைக்கித்தான. அதுக்குள்ள ஏன் பேஜாரு பண்ற?" என்று அவர் ஓட்டையின் விளிம்பை இழைத்துக்கொண்டிருந்தார்.

மயிலத்துக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கிறது பனையந்தாங்கல். செம்மண் மேட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும், கிணறு எட்டுகிற பள்ளத்தில் கொஞ்சம் நெல்லும் விளையும். அங்கே பெண்கள் செய்கிற வேலை முக்கால்வாசி குந்திச் செய்கிற வேலைதான். களை வெட்டுவதும் மல்லாட்டை ஆய்வதும் பால் கறப்பதும் அடுப்பு ஊதுவதும் குந்திக்கொண்டுதான். சொந்த நிலத்துக்காரி என்றாலும் வெள்ளையம்மாள் வரப்பில் நின்று வேலை வாங்குகிறவள் இல்லை. களைக்கொட்டை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் இறங்குவாள். குந்தினபடியே அவள் நகர்ந்து போகிற வேகத்துக்குப் பின்னால் வருகிறவர்கள் வாய்விட்டே திட்டுவார்கள். அவளும் திரும்பித் திட்டிக்கொண்டே போவாள். நாற்பத்தைந்து வயது வரைக்கும் அவள் இருந்த இருப்பு அது.

ஐப்பசி மழையில் பிடுங்கின மல்லாட்டைச் செடியைச் சேறு போக அலசக் கிணற்றில் இறங்கினாள். பாசிப் படி வழுக்கியது. முட்டிச்சில்லு மூன்றாக உடைந்தது. பெரியதம்பியின் அக்கா கெங்கம்மாள்தான் முதலில் ஓடிப்போய்க் கிணற்றில் இறங்கி, அவளை முதுகில் சுமந்துகொண்டு நாற்பது படி ஏறினாள். கெங்கம்மாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சின்ன வயதிலேயே புருஷன் போய்த் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டுச் சாமி விளக்கும் அடுப்பும் அவள் பொறுப்பு. நாத்தனாரும் தம்பி பெண்சாதியும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், ஒருத்தி சாப்பிடாமல் ஒருத்தி சாப்பிட மாட்டாள்.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் உடைந்த சில்லை எடுத்துவிட்டுத் தசைநாரை இழுத்துத் தைத்து மாவுக்கட்டு போட்டார். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கால் முருங்கைக் கொம்பு மாதிரி மெலிந்து வெளுத்திருந்தது. மடக்கச் சொன்னால் மடங்கவில்லை. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"உள்ளே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. மாசி பிறந்ததும் வாங்க. நாற்காலியில உட்கார்ந்தா பாதம் தரையில படணும். படலைன்னா மயக்கம் கொடுத்து நானே அழுத்தி மடக்கணும். தையல் தாங்கும்னு சொல்ல முடியாது. விட்டுப்போச்சுன்னா கால் கடைசி வரைக்கும் இப்படித்தான். அதுக்குள்ள கை பழகினவங்க யாராவது தினம் பிடிச்சுவிட்டா நல்லது. திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரியில, கால் சூம்பின பிள்ளைங்களுக்குப் பிடிச்சுவிடற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. போய்ப் பாருங்க."

பெரியதம்பி போய்ப் பார்த்தார். வெள்ளைச் சீலை கட்டி, குட்டையாகக் கொண்டை போட்டு, ஒரு பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பனையந்தாங்கல் சேரியில் பிறந்த சவுரியம்மாள். பதினேழு வயது வரைக்கும் அவர் நிலத்தில் களை வெட்டினவள். அம்மா இறந்த வருஷம் சிஸ்டர்களோடு போனவள், அங்கேயே ஆயாவாகச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

"வெள்ளையம்மாளுக்கா? அய்யோ, அந்தக் காலுக்கா?" என்றாள் சவுரியம்மாள். "என்னை எம்மாம் வெரட்டு வெரட்டுன காலு அது! மூணு மணி பஸ்ஸுல வர்றேங்க. அஞ்சரை பஸ்ஸுல திரும்பிடுவேன்."

வீட்டுக்குள் கூப்பிட முடியாது என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. கெங்கம்மாள் மாட்டுக் கொட்டாயைக் கூட்டி மெழுகிக் கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருந்தாள். சவுரியம்மாள் வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எடம் நல்லாத்தான் இருக்குது. வெளிச்சம் இருக்குது" என்று மட்டும் சொன்னாள். பிறகு வெள்ளையம்மாளின் முட்டிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த தலையணையைப் பார்த்தாள். "இதை யாரு வச்சது?"

"நாந்தான். காலு நோவாம இருக்கட்டும்னு" என்றாள் கெங்கம்மாள்.

"எடுத்துடுங்க. நோவாம பாத்துக்கினு இருந்தா முழுசா நீட்டவும் வராது, மடக்கவும் வராது. அந்த ஒசர அடுப்பு, முக்காலி எல்லாம் யாரு வேலை?"

பெரியதம்பி கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. எல்லாத்தையும் போர் மேல தூக்கிப் போட்டுடுங்க. வசதி இருக்குற வரைக்கும் காலு எதுக்குங்க மடங்கும்?"

விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி வாங்கிக்கொண்டாள். எடுத்ததும் முட்டியைத் தொடவில்லை. தொடையில் மேலிருந்து கீழாக, உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தி அழுத்திக் கொண்டுவந்தாள். கெட்டியான இடம் வந்தால் அங்கேயே நின்று, அது இளகுகிற வரை கையை எடுக்கவில்லை. பிறகு தழும்புக்கு வந்தாள். முட்டிக்குக் குறுக்கே ஒரு சாண் நீளத் தழும்பு. அதன் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பாத்தீங்களா? மத்த எடத்துல தோலு நவுருது. இங்க அடியோட ஒட்டிக்கிச்சு. இதைப் பிரிச்சாத்தான் மீதி."

"பிரிச்சா கிழிஞ்சிடாதா சவுரி?"

"கிழியற மாதிரி வலிக்கும். கிழியாது. கத்தணும்னா கத்துங்க, மாடுதான இருக்குது."

வெள்ளையம்மாள் கத்தினாள். கறவை மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது. சவுரியம்மாள் விரலை எடுக்காமல் பேச்சுக் கொடுத்தாள். தொரட்டிக் கொல்லையில் களை வெட்டினபோது பாம்பு வந்ததும், வெள்ளையம்மாள் பாம்பை விட்டுவிட்டு ஓடின பெண்களைத் திட்டினதும் பேச்சில் வந்தன. வலிக்கு நடுவில் வெள்ளையம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது. மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

தழும்பு இளகினதும் வண்டியின் பக்கப் பலகையைக் கட்டிலில் நீளமாக வைத்து, டப்பாவிலிருந்து பவுடர் தூவி, குதிகாலை அதில் வைத்து உடம்புப் பக்கம் இழுக்கச் சொன்னாள். வெள்ளையம்மாள் பல்லைக் கடித்து இழுத்தாள். குதிகால் எட்டு விரற்கடை நகர்ந்து நின்றது. நின்ற இடத்தில் சவுரியம்மாள் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டாள்.

"இது இன்னிக்கி. நாளைக்கி வந்து இங்கேருந்து ஆரம்பிக்கிறோம்."

மறுநாள் இழுத்தால் குதிகால் கோட்டுக்கு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. சவுரியம்மாள் மறுபடியும் தொடையிலிருந்து ஆரம்பித்தாள். போகும்போது கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை. அடுத்த நாள் வந்தால் மறுபடியும் பின்னால். தினமும் இதே கதைதான். பலகை முழுக்கக் கரிக்கோடு விழுந்ததே தவிர, பதினைந்து நாளில் மொத்தமாக முன்னேறினது இரண்டு விரற்கடை.

"ராத்திரி காலை எங்கனா தூக்கி வச்சிக்கினு தூங்குறீங்களா?"

"இல்ல சவுரி."

"நான் சொன்ன மாதிரி காலையில நீங்களே இழுக்குறீங்களா?"

"உம்மேல ஆணையா இழுக்குறேன். கட்டையாட்டம் இருக்குது."

சவுரியம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் விளக்கெண்ணெயை மாற்றி நல்லெண்ணெய் கேட்டாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் கேட்டு வந்து கெண்டைக்காலிலிருந்து ஆரம்பித்தாள். எதுவும் பலிக்கவில்லை. வரும்போது இருந்த கலகலப்பு குறைந்துகொண்டே வந்தது.

காரணம் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம்தான். அது காரணம் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. சேரிக் கை பட்ட உடம்போடு வீட்டுக்குள் போகக்கூடாது, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சவுரியம்மாள் போனதும் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையம்மாளை நிற்கவைத்து, கெங்கம்மாள் மூன்று குடம் ஊற்றுவாள். கல்தொட்டியில் நாளெல்லாம் கிடந்த மார்கழித் தண்ணீர், பொழுது சாய்கிற நேரத்து ஊதக்காற்று வேறு. எண்ணெயும் சூடுமாக ஒன்றரை மணி நேரம் பிடித்து இளக்கின கால், முதல் குடத்திலேயே சுருட்டிக்கொண்டு இறுகிவிடும். ஈரச் சீலையோடு நடுங்கிக்கொண்டே அந்தக் காலை இழுத்து இழுத்து அவள் வீட்டுக்குப் போவாள்.

இதில் கொடுமை என்னவென்றால் அவர்களுக்குச் சவுரியம்மாள் மேல் உண்மையாகவே பிரியம். அவள் மனசு நோகக்கூடாது என்பதற்காக, அவள் ரோட்டில் பஸ் ஏறுகிற வரைக்கும் பொறுத்திருப்பார்கள். பெரியதம்பி புளியமரத்து முனையில் போய் நிற்பார். பஸ் கிளம்பினதும் தோள் துண்டை எடுத்து இரண்டு முறை உதறுவார். அதைப் பார்த்துத்தான் கெங்கம்மாள் குடத்தைத் தூக்குவாள். இத்தனை மரியாதையாக ஒருத்தியை அவமானப்படுத்த எங்கள் பக்கத்து ஆட்களால்தான் முடியும்.

பதினெட்டாம் நாள் சவுரியம்மாள் பஸ் ஏறினாள், பெரியதம்பி துண்டை உதறினார். பஸ் அரை மைல் போய் ஓடைப் பாலத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வண்டி கட்டச் சொல்லலாம் என்று சவுரியம்மாள் ரோட்டை விட்டுக் குறுக்கே கேப்பைக் கொல்லை வழியாகத் திரும்பி வந்தாள். கொட்டாயின் பின்பக்கம் வந்ததும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குப் பால் கறந்து முடிக்க நேரமாகிவிட்டதால், இரண்டாவது குடம் அப்போதுதான் கெங்கம்மாளின் கையில் இருந்தது.

"அய்யய்யோ! காலு!"

சவுரியம்மாளுக்கு முதலில் வந்தது அந்தச் சொல்தான். ஓடிவந்து மண்டிபோட்டு, நனைந்த முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "பச்சத் தண்ணியா! யாரு ஊத்தச் சொன்னது? இப்பத்தான இளக்கி வுட்டேன். பாரு, கல்லாட்டம் ஆயிடுச்சி. இதுக்குத்தான் தெனம்..."

அங்கே நிறுத்தினாள். குடத்தைப் பார்த்தாள். கெங்கம்மாளைப் பார்த்தாள். கெங்கம்மாள் பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எத்தினி நாளா?"

கெங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களத்தாங்க கேக்குறேன். எத்தினி நாளா?"

"மொத நாள்லேருந்து" என்றாள் வெள்ளையம்மாள். பல் அடித்துக்கொண்டது.

சவுரியம்மாள் மெதுவாகக் கையை எடுத்தாள். "என் கையிலதான் கோளாறுன்னு நெனச்சேன். இருபது வருசம் புடிச்ச கை, எங்கியோ தப்பு பண்ணுதுன்னு கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனேன். எண்ணெய மாத்துனேன்." எழுந்து முட்டியில் ஒட்டின சாணியைத் தட்டினாள். "தொடச்சிட்டு உள்ள கூட்டிக்கினு போங்க. காத்து அடிக்குது."

வண்டி கேட்கவில்லை. வந்த வழியே நடந்தே போய்விட்டாள். மறுநாள் மூன்று மணி பஸ்ஸில் அவள் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் களி கிண்டி யாரும் தொடவில்லை. கெங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"நான் என்னா வேணும்னா பண்ணேன்? சாமி வெளக்கு இருக்குற வீடு. என் கையால அதை அணைக்கச் சொல்றீங்களா?"

"உன்னை யாரு என்னா சொன்னா?" என்றார் பெரியதம்பி.

"காலு கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியுமா? தெரிஞ்சா ஊத்துவேனா? இவளைக் கெணத்துலேருந்து தூக்கியாந்தது யாரு?" அழுது மூக்கைச் சிந்தினாள். திடீரென்று நிமிர்ந்தாள். "ஏன் தம்பி, பச்சத் தண்ணிதான ஆவாது? சுடுதண்ணி ஊத்தினா?"

பெரியதம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தோமே என்று அவருக்கு ஆச்சரியம். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே திண்டிவனம் போய், வார்டு வாசலில் சவுரியம்மாளைப் பிடித்துச் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சுடுதண்ணி காலுக்கு ரொம்ப நல்லதுங்க. டாக்டரே சொல்லுவாரு. என் மனசுக்கு என்னா ஊத்துறதுன்னு உங்க அக்காவைக் கேட்டுக்கினு வாங்க."

அவர் திரும்பி வந்து அதை ஒரு எழுத்து விடாமல் சொன்னார். வெள்ளையம்மாள் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள். நீட்டின காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வண்டிய கட்டுய்யா."

"எங்க?"

"எங்கன்னா? ஜல்தியா கட்டு."

ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் ஒரு வரிசை. சவுரியம்மாளுக்கு அதில் ஒரு அறை. வண்டியிலிருந்து வெள்ளையம்மாளை இறக்குவதற்குள் பெரியதம்பிக்கு வியர்த்துவிட்டது. சவுரியம்மாள் கதவருகில் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உன் மூஞ்சைப் பாத்துப் பேசற தெம்பு எனக்கு இல்ல. ஆனா வந்துட்டேன்" என்றாள் வெள்ளையம்மாள்.

"ஏன் வந்தீங்க? காலுக்கா?"

"காலுக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். காலு மடங்கினா போதும்னுதான் கெளம்புனேன். வழியில மயிலத்து ரயிலு கேட்டுல அரை மணி நேரம் நின்னோம். அப்பத்தான் நெனச்சேன். பதினெட்டு நாளு எனக்குக் காலு புடிச்சவ, பஸ்ஸு ஏறினாளா ஏறினாளான்னு பாத்துக்கினு நின்னேனே. ஏறாம இருந்தா நல்லாருக்கும்னு ஒரு நாளு கூட எனக்குத் தோணல. திருடி மாதிரி நின்னேன் சவுரி. என்னை நாலு வார்த்த திட்டு. களைக்கொல்லையில நான் திட்டின மாதிரி."

சவுரியம்மாள் திட்டவில்லை. பாயை விரித்தாள்.

"இங்க கட்டில் கெடையாது. தரையிலதான் எறங்கணும். என் தோளப் புடிச்சிக்கோங்க." இறக்கி உட்காரவைத்த பிறகு சொன்னாள்: "நான் அங்க வர மாட்டேன். நீங்க வாங்க, தெனம் புடிக்கிறேன். மாசிக்குள்ள குந்த வைக்கிறேன். ஆனா ஒண்ணு. குளிக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். அழுக்குக்குக் குளிங்க. என் கை பட்டதுக்காகக் குளிக்காதீங்க."

"குளிக்கல."

"வீட்டுக்குள்ள வுடுவாங்களா?"

"அது என் பாடு."

வெளியே வண்டி நிழலில் உட்கார்ந்திருந்த பெரியதம்பிக்கு இது கேட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்துவிட்டு, ஊர் எல்லை வந்ததும் மெல்லச் சொன்னார்.

"வெள்ள, வேணும்னா உனக்கும் சேத்து நானே ரெண்டு தடவ குளிச்சிடட்டுமா?"

"வாய மூடிக்கினு மாட்டை ஓட்டுய்யா" என்றாள். ஆனால் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கொல்லைப் பக்கம் கெங்கம்மாள் அண்டா நிறைய வெந்நீர் வைத்து ஆவி பறக்க நின்றிருந்தாள். வெள்ளையம்மாள் வேண்டாம் என்றாள். கெங்கம்மாள் கெஞ்சினாள், திட்டினாள், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டு ஒப்பாரி வைத்தாள். வெள்ளையம்மாள் திரும்பி மாட்டுக் கொட்டாய்க்கு நடந்து, கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தை கடைசி வரை அவளுக்கு அதுதான் வீடு. பொங்கலும் அங்கேதான். "மாட்டோட மாடா நானும் நிக்கிறேன், கொம்புக்கு வர்ணம் அடிங்க" என்றாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். கோழி கூப்பிடப் பால் கறந்ததும் வண்டி கிளம்பும், மத்தியானம் திரும்பும். முதல் வாரம் சவுரியம்மாள் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள், பலகையில் குதிகால் நேற்றைய கோட்டிலேயே போய் நின்றது. ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகவில்லை. சவுரியம்மாள் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நின்னுடுச்சிங்க" என்றாள்.

"உன் கையில ஒண்ணும் கோளாறு இல்ல" என்றாள் வெள்ளையம்மாள்.

அப்புறம்தான் பழைய பேச்சு திரும்ப வந்தது. தை பாதியில் வெள்ளையம்மாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்தாள். டாக்டர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் குந்துவது வேறு. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்காகவா களைக்கொல்லை இருக்கிறது? சவுரியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடிக்கவைத்து, பின்னால் நின்று இடுப்பைத் தாங்கி, நாளுக்குக் கொஞ்சமாக இறக்கினாள். பாதி தூரம் வரைக்கும் போனது. அதற்கு மேல் பயம் வந்து வெள்ளையம்மாள் கத்திவிடுவாள்.

கெங்கம்மாளுக்கும் அந்த மாதம் நன்றாகத் தூக்கம் இல்லை. மூன்று வேளையும் சோறு கொண்டுவருவாள். வாழையிலையில் எட்டி நின்று வைப்பாள். தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், வெள்ளையம்மாள் கட்டிலில் இருந்தபடியே கை குவித்துக் குடிப்பாள். இதே கெங்கம்மாள் இதே செம்பால் சவுரியம்மாளுக்கும், அவள் எதிரில் குந்திக் கை குவிக்க, இப்படித்தான் ஊற்றினாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் மறந்துபோகவில்லை. ஊற்றும்போது கெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாதித் தண்ணீர் வெளியே போகும்.

"ஒழுங்கா ஊத்துறியா அண்ணி, இல்ல பயிருக்குப் பாய்ச்சுறியா?"

"ஒழுங்கா வீட்டுக்கு வந்தா டம்ளர்ல குடிக்கலாமில்ல."

தை இருபத்தாறு. மத்தியானம் திண்டிவனத்திலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, வெள்ளையம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் செம்போடு வந்தாள். கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கல் என்று இவள் சொல்ல, வாய் கசந்தவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவள் சொல்ல, சண்டை சூடு பிடித்தது.

"உப்பு போட்டியா, உப்பளத்தையே கவுத்தியா? தொண்டை காயுது. ஊத்து."

"கிட்ட வா. அங்கியே கட்டில்ல உக்காந்துக்கினு இருந்தா எப்பிடி ஊத்துறது? எனக்குந்தான் கை நோவுது."

வெள்ளையம்மாள் மடியில் இருந்த மல்லாட்டைத் தோலை உதறிவிட்டு எழுந்து வந்தாள். அவள் வாய் இன்னும் உப்பையே பேசிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் செம்பைச் சாய்த்தாள். இவள் கை குவித்து வாயில் வைத்துக் குடித்தாள். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து முட்டியில் சொட்டியது. கெங்கம்மாளின் பார்வை தண்ணீரோடு இறங்கி அங்கே போய் நின்றது.

"அடியே."

"என்னா? ஊத்து."

"அடியே வெள்ள! குந்திக்கினு இருக்கடி!"

வெள்ளையம்மாள் குனிந்து பார்த்தாள். இரண்டு பாதமும் மண்ணில் இருந்தன. மூன்று மாதமாக மரமாக நின்ற முட்டி மடங்கி மார்புக்குப் பக்கத்தில் இருந்தது. கத்தவும் இல்லை, எதையும் பிடிக்கவும் இல்லை. எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே அசையாமல் இருந்தாள், அசைந்தால் போய்விடுமோ என்று பயம்.

கெங்கம்மாள் செம்பைப் போட்டுவிட்டாள். அது உருண்டு மாட்டுக் காலடிக்குப் போனது. எதிரில் பொத்தென்று உட்கார்ந்து அந்த முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தடவினாள், அமுக்கினாள், தழும்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"வலிக்கிதா? இங்க? நெசமா வலிக்கலியா? அய்யோ, தோலு நவுருதுடி! தம்பி! எங்கடா போன? ஓடியா!"

"அண்ணி."

"என்னாடி?"

"தொட்டுட்ட."

கெங்கம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். அவற்றில் விளக்கெண்ணெய் பளபளத்தது. காலையில் சவுரியம்மாள் பூசின எண்ணெய். வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். விளக்கேற்றுகிற பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"தொட்டி நெறைய தண்ணி இருக்குது" என்றாள் வெள்ளையம்மாள்.

"குளுருதுடி, போடி" என்றாள் கெங்கம்மாள், பிடித்த முட்டியை விடாமல்.